கூலியில்லாத குழி

அப்பா செத்துப்போன அன்று காலை நான் செய்த முதல் காரியம், பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியது. எழுதி, மடித்து, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள். பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

நான் ஒரே பிள்ளை. எங்கள் பங்குக் கோவில் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டாமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். ஆகவேண்டியதை நான்தான் பார்க்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்யவேண்டும், அதற்குக் குழி வெட்டவேண்டும். குழி வெட்ட ஆள் வருமா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.

அது தை மாதம். சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. ஆட்சி மாறி, ஏழைபாழைகளைப் பற்றி மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, வயல்வேலை செய்யும் தெருக்காரர்கள் சங்கம் சேர்ந்து வேலையை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஒரு வேலி நிலத்தில் தலைமுறையாக உழைத்தவர்கள் அவர்கள். எல்லோரும் எங்கள் பங்குதான். ஒரே கோவில், ஒரே பூசை. ஆனால் கோவிலில் உட்காரும் பக்கம் வேறு, கல்லறையில் படுக்கும் பக்கமும் வேறு. இதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். அப்பா பிடிவாதக்காரர். மேற்கேயிருந்து லாரியில் அறுப்பு ஆட்களை இறக்கினார். தெருக்காரர்கள் வரப்பில் நின்று மறித்தார்கள். நாலு நாள் இழுபறி. ஐந்தாம் நாள் காலை, குடித்த காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்திருந்த எங்கள் சொந்தக்காரர்களில் மண்வெட்டி பிடித்த கை ஒன்றுகூடக் கிடையாது. எல்லோரும் சலவை வேட்டியில் பெஞ்சில் உட்கார்ந்து, காலம் கெட்டுப்போனதைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. துக்கம்தான் இல்லை, எரிச்சல் தாராளமாக வந்தது.

நான் கணக்குப் போடும் டீச்சர் மூளையோடு யோசித்தேன். முதலில் ஆளை உறுதி செய்துகொள்வோம், பிறகு சாவு மணி அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். கோவில் உபதேசியாரைக் கூப்பிட்டு, "குழி வெட்டுறவங்களுக்கு ரெட்டைக் கூலி தர்றோம்னு தெருவுல சொல்லிட்டு வாங்க" என்று அனுப்பினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகமே சொல்லிவிட்டது.

"கூலின்னு சொல்லிட்டீங்களே டீச்சர். இந்த வீட்டு வேலைக்குக் கூலி வாங்கிக்கிட்டு யாரும் மண்வெட்டி எடுக்கக்கூடாதுன்னு சங்கத்துல முடிவு பண்ணியிருக்காங்க."

"அப்ப சும்மா வருவாங்களா?"

"காலம்பூரா சும்மாதானே வந்துக்கிட்டிருக்காங்க. மணி அடிச்சா வருவாங்க. இது வேலை இல்லீங்களே, ஜெபம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பங்கில் சாவு மணி கேட்டால், தெருவில் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு கல்லறைக்குப் போவார்கள். யாரும் போய் அழைப்பதில்லை. செத்தவர் எந்தப் பக்கம் என்றும் பார்ப்பதில்லை. ஒருவர் ஜெபமாலை சொல்ல, மற்றவர்கள் வெட்டிக்கொண்டே பதில் சொல்வார்கள். மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடியும்போது குழியும் முடிந்திருக்கும். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன். அந்தக் குழி தானாக வந்தது போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப மணி அடிக்கச் சொல்லட்டுமா?"

"இப்ப அடிச்சா, கூலிக்காக வந்ததா ஆயிடும் டீச்சர். வரமாட்டாங்க."

நானே போனேன். உச்சி வெயில். செருப்புப் போட்டோமா இல்லையா என்றுகூட நினைவில்லை. சங்கத்துத் தலைவர் தன் வாசலில் நின்றிருந்தார். எங்கள் வயலில் சின்ன வயதிலேயே ஏர் பிடிக்க வந்தவர், அப்பா வயதுக்காரர். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வாய் தானாக மாறிக்கொண்டது.

"கூலின்னு சொன்னது நான்தாங்க. தப்பு. கூலி கிடையாது, ஒரு நெல்லுகூடத் தரமாட்டேன்" என்றேன். இப்படி ஒரு பேச்சை அந்தத் தெருவில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "மணி அடிக்கச் சொல்லப்போறேன். வர்றது உங்க இஷ்டங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"வெயில்ல நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க டீச்சரம்மா."

மணி அடித்தது. நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தரையில் சிமெண்டு வெடித்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. உபதேசியார் வந்து குனிந்து, "ஒரு வீடு பாக்கியில்லை டீச்சர், எல்லாரும் வந்துட்டாங்க" என்றார். நல்லது என்றேன். ரேஷனில் சர்க்கரை வந்துவிட்டது என்று சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன்.

கல்லறையில் பங்குச் சாமியார் குழியை மந்திரித்து முடித்ததும், வேட்டியை மடித்துக் கட்டிய தெருக்காரர்கள் மண் தள்ளினார்கள். அப்பா லாரியில் ஆள் இறக்கி யார் வயிற்றில் அடித்தாரோ, அவர்கள்தான் அவருடைய ஆத்துமத்துக்காகச் சத்தமாக வேண்டிக்கொண்டார்கள். ஒரு வார்த்தையைக்கூட முழுங்கவில்லை. என் வாயும் அசைந்தது, மனசு எங்கேயோ கிடந்தது.

முடிந்து வாய்க்காலில் கைகால் கழுவியவர்களிடம் காபி கொண்டுபோனேன். ஒருவரும் கை நீட்டவில்லை. தலைவர்தான் சொன்னார்.

"வேண்டாங்க. குடிச்சுட்டு நாளைக்கு உங்க வயல்ல வந்து மறிச்சு நிக்க முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. நானும் கோபித்துக்கொள்ளவில்லை. காபித் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அப்பாவுக்கு வைத்த பூசைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அப்பா வரச் சொல்லியிருந்த லாரி, அவர் இல்லாமலும் வந்து நின்றது. வேண்டாம் என்று யாரும் சொல்லியனுப்பவில்லை, நானும் சொல்லியனுப்பவில்லை. தெருக்காரர்கள் சொன்னபடியே வரப்பில் கைகோத்து நின்றார்கள். கோவிலுக்கு அதே வரப்பில்தான் போகவேண்டும். கிட்டத்தில் போனதும் கையை விட்டு எனக்கு வழி விட்டார்கள்.

தலைவரைத் தாண்டும்போது, "அம்மா ஏதாச்சும் சாப்பிட்டாங்களாம்மா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நான்கூட அம்மாவிடம் கேட்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நடு வரப்பில், அவர்கள் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன்.