இரண்டாவது படம்

பனிக்கு ஒதுங்கி கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் ஒரு தெபனருக்குள், அதாவது தெருமுனை மளிகைக் கடைக்குள், நிற்கிறேன். மூலையில், வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பெண்ணைப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறார் கடைக்காரர். யாழ்ப்பாணத்தில் பத்திரிகைப் படக்காரராக இருந்தவராம்.

"சிரிக்கக் கூடாது, அக்கா." எடுக்கிறார். "இப்ப சிரியுங்கோ." இன்னொன்றும் எடுக்கிறார்.

"ரெண்டாவது எதுக்குங்க?" என்று கேட்கிறேன்.

"அது அவவுக்கு. ஊரில செத்த ஆக்களின்ரை படம் கேட்டு, பேப்பரில போட வீடு வீடாப் போனனான். எல்லா வீட்டிலையும் அடையாள அட்டைப் படத்தைத்தான் தந்தவை."

நானும் பத்திரிகைக்குப் படம் எடுப்பவன்தான் என்கிறேன்.

"உங்களை ஆரும் எடுக்கிறவையோ?"

நான் யோசிப்பதற்குள் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார். உட்கார்ந்ததும் அடையாள அட்டைப் படங்களுக்கு இருந்த பழக்கத்தில் முகம் இறுகிவிடுகிறது. அவர் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பொறுமையாகக் காத்திருக்கிறார்.