சத்தம் போடாத கேட்

போன மாதம் இராஜபாளையத்தில் அம்மா வீட்டுக் கேட்டைத் திறந்தபோது அது கிறீச்சென்று கத்தியது. திடுக்கிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அப்பா இருந்தவரை அந்தக் கேட் சத்தம் போட்டதே இல்லை. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமையானால் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, மூக்கு நீண்ட ஆயில் கேனை எடுத்துக்கொண்டு கேட்டின் முன்னால் குந்திவிடுவார். கீலுக்கு ஒரு சொட்டு, கொண்டிக்கு ஒரு சொட்டு. சமையலறைக் கதவு ஊரைக் கூட்டினாலும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஏன் என்று கேட்டால், "வெளியில நிக்கது, துரு பிடிச்சிரும்லா" என்பார். நாங்களும் நம்பினோம். அவரும் அதைத்தான் நம்பினார்.

அப்பா எங்களிடமோ சொந்தபந்தத்திடமோ சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. மில்லுக்குப் போவதானாலும், வெளியூர் போவதானாலும் ஒன்றுதான். பேசிக்கொண்டே இருப்போம், திரும்பினால் ஆள் இருக்காது. வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்வோம். அம்மா தோசைக் கரண்டியோடு வெளியே வந்து, காலி நாற்காலியைப் பார்த்து, "வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்து உதிர்ந்துருமோ!" என்று கத்துவாள். தளவாய்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் எழுந்து போய்விட்டார். சாப்பாட்டில் என்ன குறையோ என்று பெண்வீட்டார் பதறிப்போனார்கள். உறவுக்காரர்கள் அவரை மனசார அழைத்துப் போனது துஷ்டி வீடுகளுக்கு மட்டும்தான். சாவு விழுந்த வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். அங்கே மட்டும் அப்பாவிடம் யாரும் குறை காண முடியாது. "துஷ்டிக்குன்னே பெத்துப்போட்ட மனுசன்" என்று பெரியம்மா கேலி செய்வாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்தச் சிரிப்பு என் கல்யாணத்தோடு நின்றது. என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த ஊர்தான், நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடலாம். ஆனாலும் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் இல்லையா? மண்டப வாசலில் கார் நிற்கிறது. எல்லோரிடமும் சொல்லியாயிற்று, அப்பாவை மட்டும் காணவில்லை. தம்பி சமையல்கட்டு வரை ஓடித் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். என் மாமியார், "பொண்ணை அனுப்ப அப்பனுக்கு மனசில்லையா, இல்ல எங்களைத்தான் பிடிக்கலையா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். ஊர் போய்ச் சேரும்வரை அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. என்னை அனுப்பிவைக்க ஒரு நிமிடம் நிற்க முடியாத மனிதர் என்ன அப்பா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மடவார் வளாகத்தில் அப்பாவின் அக்கா, என் அத்தை, இருந்தாள். பிறகு ஒரு நாள் அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, "அவனை வையாத ஏட்டி. அவன் முந்திக்கிடுதான்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். சின்ன வயதில் அப்பா தன் அம்மாவை எங்கேயும் விடமாட்டாராம், சேலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவாராம். அதனால் அவருக்குப் போக்குக்காட்டிவிட்டுத் தெரியாமல் நழுவுவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும், பையனைக் கடைக்கு மிட்டாய் வாங்க அனுப்பிவிட்டுத்தான் அவள் வண்டி ஏறினாள். அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. "அம்மா செத்துட்டாளேன்னு அவன் அழல ஏட்டி. வாரேன்னு சொல்லலையே, சொல்லலையேன்னுதான் அழுதான்."

அப்பாவிடமே கேட்டேன். "அப்படியா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மறந்தேவிட்டார், ஆனால் மறந்தது அவரை விடவில்லை. யாராவது நம்மை விட்டுப் போகுமுன் நாம் போய்விட வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று அவரை விரட்டிக்கொண்டே இருந்தது. கேட்டுக்கு எண்ணெய் விட்ட கை அவருடையது. விடச் சொன்னது எதுவென்று அவருக்கே தெரியாது. தன்னால் தாங்கமுடியாமல் போன அதே காரியத்தை எங்களுக்குத் தினமும் செய்தார். அதுவும் பிரியமானவர்களுக்கு மட்டும். கரண்டு ஆபீஸில் சண்டை போட்ட அன்றைக்கு, "அப்போ நான் வாரேன் சார்" என்று அழகாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பக்கத்தில் நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் தெரிந்த பிறகும் என் ஆசை போகவில்லை. ஒரே ஒரு தடவை அவர் நின்று என்னை அனுப்பிவைக்க வேண்டும். அம்மா வீட்டுக்கு வந்து திரும்பிய ஒரு நாள், பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கு நான் பஸ் ஏறி, பஸ் கிளம்புத வரைக்கும் நிக்கணும்ப்பா" என்றேன். நின்றார். தண்ணீர் வாங்கி வரவா என்றார். வேண்டாம் என்றேன். பழம்? வேண்டாம். காலை மாற்றி மாற்றி வைத்தார். நெற்றி வேர்த்தது, சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை எடுத்ததும் ஓடிவந்து படியில் ஏறிவிட்டார்! "எனக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சோலி இருக்கு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சோலியும் இல்லை என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

போன வருடம் ஒரு மத்தியான நேரத்தில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அவரை வெளியே தூக்கியபோது கேட் சத்தமில்லாமல் திறந்தது. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். அன்றைக்கு ஊரே அப்பாவைப் போல நடந்துகொண்டது. நானும் முறைப்படி வாய் திறக்காமல் தெருமுனை வரை நடந்தேன். அதற்குமேல் கால் நகரவில்லை. திரும்பி வந்து அம்மாவின் முன்னால் நின்று, "வாரேம்மா" என்று சத்தமாகச் சொன்னேன். கூடத்தில் இருந்த பெண்கள் பதறிப்போனார்கள். "ஏட்டி, துஷ்டி வீட்ல அப்படிச் சொல்லலாமா?" என்று பெரியம்மா என் வாயைப் பொத்த வந்தாள்.

அம்மா தலையை நிமிர்த்தினாள். "சொல்லட்டும் விடுங்க. இந்த வீட்ல ஒரு ஆளாவது சொல்லட்டும்" என்றாள்.

இப்போதெல்லாம் எங்கிருந்து கிளம்பினாலும் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை சொல்கிறேன். "நீ சொல்லி முடிக்கதுக்குள்ள பஸ் தென்காசியே போயிரும்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். அப்பாவை விரட்டியதுதான் என்னை வேறு பக்கமாக விரட்டுகிறது போல. போன மாதம் கேட் கத்தியதும் மாடிப்படிக்கு அடியில் தேடி அந்த ஆயில் கேனை எடுத்தேன். அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. கேட்டின் முன்னால், அவர் குந்தும் இடத்திலேயே குந்தி, கீலுக்கு நேராக அதன் மூக்கைப் பிடித்தேன். சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு, எண்ணெய் விடாமல் எழுந்து கேனை இருந்த இடத்திலேயே வைத்தேன். கிளம்பும்போது "வாரேம்மா" என்றேன். கேட்டும் பின்னாலேயே கத்தியது. உள்ளே அடுப்படியில் இருந்தபடியே அம்மா, "சரி, போயிட்டு வா" என்றாள்.