நான் முத்திரை குத்திய பொய்

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவன். பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் அதிபராக ஓய்வு பெற்றவன். சமாதான நீதவான். பதுளையில் எங்கள் கிறிஸ்தவ சபையின் செயலாளராகப் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழின் பிரதி முதல் வெளிநாட்டு வேலைக்கான நற்சான்று வரை தோட்டத்து மக்கள் என்னிடமே கொண்டுவருவார்கள். நான் கையெழுத்திட்டு முத்திரை குத்திய தாளுக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலும் மறுகேள்வி இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எந்த உயரத்தில் நின்று நான் பொய் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் ஒரே மகன் ஜெயசீலன் மடுல்சீமையில் வேன் ஓட்டுபவன். அவன் மனைவி றெஜினா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். மகள் அபிஷாவுக்கு ஏழு வயது. றெஜினா வெளிநாடு போன ஆண்டிலேயே அவனை 'ஐஸ்' என்ற போதைத்தூள் பிடித்துக்கொண்டது. அதைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே கொண்டுவந்து விற்கிறார்கள். விற்பவன் யாரென்று ஊருக்குத் தெரியும். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டு வருகிறோம். நம்முடைய ஒழுக்கம் அவ்வளவுதான்.

பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அறிந்து, சென்ற ஜனவரியில் பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் உரிமை உத்தியோகத்தர் ஒருவர், இளம் பெண், விசாரிக்க வந்தார். ஜெயசீலன் என்னிடம் ஓடிவந்தான். நான் முழந்தாளிட்டேன். "கர்த்தாவே, என் குடும்பத்தின் பெயரை வெட்கப்படுத்தாதேயும்" என்று ஜெபித்தேன். எழுந்து, என் மகன் ஒழுக்கமுள்ள தகப்பன், பிள்ளை நல்ல பராமரிப்பில் இருக்கிறாள் என்று எழுதி, முத்திரையும் குத்தி, அந்த உத்தியோகத்தரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரணை நின்றது. ஜெபம் கேட்கப்பட்டது என்று நம்பி, மறு ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டேன். ஒரு பொய் பலித்ததற்கு நன்றி செலுத்தினேன்! இன்றும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் பொங்குகிறது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முற்பகல் மடுல்சீமைக்குப் போனேன். வீடு வெளியே பூட்டிக் கிடந்தது. திரும்ப நினைத்தபோது ஜன்னல் இடுக்கில் பிள்ளையின் முகம் தெரிந்தது.

"தாத்தா, சத்தம் போடாதீங்க. அப்பா ஏசுவாரு."

"அப்பா எங்கம்மா?"

"நேத்து காலையில போனாரு. இன்னும் வரல்ல."

"சாப்பிட்டியா?"

"பால்மா இருந்திச்சு. சும்மா அள்ளித் தின்னேன்."

பூட்டைப் பிடித்து இழுத்தேன். என் கைகளுக்கு அது அசையவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து லயத்திலிருந்து சரோஜா ஓடிவந்தார். றெஜினாவின் அக்கா; இன்னும் இந்துவாகவே இருப்பவர், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். என் மகன் அவரை வாசற்படி மிதிக்க விடுவதில்லை. நானும் அந்த உறவை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

"உள்ளுக்கா இருக்கா? நாங்க டவுனுக்குக் கூட்டிப் போயிட்டாருன்னுல நெனச்சோம்!" என்றவர், கையிலிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பின்புறத்தால் பூட்டை அடித்தபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஒங்க கடுதாசியப் பாத்துட்டுத்தானே ஐயா அந்த மிஸ் வராம விட்டாங்க. பெரிய மனுசன் சீல் குத்தினப் பொறகு கொழுந்துக்காரி பேச்ச யாரு கேப்பா?"

பூட்டு தெறித்தது. பிள்ளை என்னைத் தாண்டி ஓடிப்போய்ப் பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அந்த முற்றத்திலேயே நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, என் பெயர் போகட்டும். இந்தப் பிள்ளையை விட்டுவிடாதேயும்." என் ஆயுளில் நிபந்தனை இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது. உடனே அந்த உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தேன். விடுமுறை நாள், மழை வேறு, அவர் வீடு இருக்கும் பதுளையிலிருந்து வருவதென்றால் பாதிப் பகல் போய்விடும். அவரோ அன்று உறவினர் திருமணத்துக்காகப் பசறைக்கு வந்திருந்தார். கல்யாணச் சேலையோடு, முச்சக்கர வண்டியில், சேறு தெறிக்க வந்து இறங்கினார். இதைத் தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்ல மாட்டேன்.

நீதிமன்றத்தில் நீதவான் கேட்டார்: "இந்தக் கடிதத்தை எழுதும்போதே உங்களுக்கு உண்மை தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

பிள்ளையை என்னிடம் ஒப்படைக்கவில்லை. உத்தியோகத்தரின் மேற்பார்வையில் சரோஜாவிடம் ஒப்படைத்தார்கள். அது நியாயமான தீர்ப்பு. ஜெயசீலன் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்பட்டான். இப்போது வெளியே வந்து, பெரியம்மா கூட இருக்க, கிழமைக்கு ஒரு முறை மகளைப் பார்க்கிறான். முழுதும் மீண்டுவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். இனி அவனுக்காக எதையும் மிகைப்படுத்த மாட்டேன். அபிஷா ஒரு நாளும் தவறாமல் பாடசாலைக்குப் போகிறாள். கொஞ்சம் தடித்தும் இருக்கிறாள். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

சபையில் ஒரு மூப்பர் என்னிடம், "பிரின்சிபல் ஐயா, வீட்டு விசயத்த வீட்டுக்குள்ளயே ஜெபிச்சு முடிச்சிருக்கலாமே. இப்ப பிள்ள சாமி கும்பிடுற வீட்டுல வளருதே" என்றார். பூட்டிய வீட்டுக்குள் பசியோடு இருந்தவள் கிறிஸ்தவப் பிள்ளைதான், பூட்டியவனும் ஞானஸ்நானம் பெற்றவன்தான் என்று அவருக்குச் சொன்னேன். அதன்பின் அவர் என்னோடு பேசுவதில்லை. நட்டமில்லை.

சகோதரரே, உங்கள் வீட்டிலும் இதே நோய் இருக்கலாம். மூடி மறைக்கும்படி தேவனிடம் கேளாதேயுங்கள். வெளிச்சத்தைக் கேளுங்கள், கேட்டபின் உத்தியோகத்தரையும் கூப்பிடுங்கள். பிள்ளை பிடிக்க வருகிறார்கள் என்ற கதையை நம்பாதேயுங்கள். தேவன் கைவிட மாட்டார் என்பதற்கு நான் சாட்சி.

கடைசியாக ஒன்று. தங்கை மகளைப் பறித்துக்கொள்ளச் சரோஜா பெயர் போடாமல் மொட்டைப் பெட்டிசம் போட்டாள் என்று மடுல்சீமையிலும் சபையிலும் பேசுகிறார்கள். குழாயடியில் முகத்துக்கு நேரேயும் கேட்கிறார்களாம். சரோஜா எந்தப் பெட்டிசமும் போடவில்லை. முறைப்பாடு செய்தவன் நான்.