"அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை"

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு வெயில் காலத்தில, லண்டன் செவன் கிங்ஸில எங்கட வீட்டில நடந்தது இது. இப்பவும் காலமையில ஆரும் பெல் அடிச்சால் நான் முதலில மணிக்கூட்டைத்தான் பாப்பன்.

என்ர தங்கச்சி குடும்பம் பாரிஸில. அவளின்ர மகள், என்ர பெறாமகள், ஹேண்ட்பால் விளையாடுறவள். கையால பந்தை எறிஞ்சு கோல் போடுற விளையாட்டு. இவள் கோல் காக்கிறவள். கிட்ட நிண்டு முழுப்பலத்தோட எறியிற பந்தை நெஞ்சாலையும் முகத்தாலையும் மறிக்கிற வேலை. அங்க பிறந்து வளந்த பிள்ளை. தாய் தகப்பன் ரியூசனுக்கு அனுப்ப, இவள் கள்ளமாப் பந்தோட போய் நிண்டவள். பதினஞ்சு வயதில விளையாட்டு விடுதிக்குப் போனாள். இருபத்திரண்டில முழங்கால் ஒப்பரேசன், ஒரு வருஷம் வீட்டில. இனி முடிஞ்சுது எண்டுதான் நாங்கள் எல்லாரும் நினைச்சம். அவள் விடேல்லை. பெரிய கிளப்புக்கு விளையாடி, அந்த வருஷம்தான் பிரான்ஸ் அணியின்ர முகாமுக்கு முதல் தரம் கூப்பிட்டிருந்தினம். அதுக்கு முதல் நாலு நாள் லீவில என்னட்டை வந்தவள்.

வந்த அண்டைக்கே சொன்னவள். எந்த நாட்டில நிண்டாலும் ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் தான் எங்க இருப்பன் எண்டு போனில பதிஞ்சு வைக்க வேணுமாம். ஊக்கமருந்து பாவிக்கிறாளோ எண்டு பாக்கிற ஆக்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவினமாம். இங்க நிக்கிற நாளில காலமை ஆறில இருந்து ஏழு வரைக்கும் எங்கட விலாசத்தைக் குடுத்திருக்கிறாள். அந்த நேரம் ஆளைக் காணேல்லை எண்டால் ஒரு தவறு. ஒரு வருஷத்துக்குள்ள மூண்டு தவறு விழுந்தால் ரெண்டு வருஷம் வரைக்கும் தடை. இவளுக்கு ஏற்கெனவே ரெண்டு விழுந்திட்டுது. ஒண்டு ரெயில் பிந்தினதால, மற்றது பிளாட்டில பெல் பழுதானதால.

நான் சிரிச்சன். "உன்ர மூத்திரம் எடுக்கப் பிரான்சில இருந்து லண்டனுக்கு வரப் போகினமோ? பேசாமல் புட்டைச் சாப்பிடு" எண்டன்.

மூண்டாம் நாள் காலமை ஆறு பத்துக்கு பெல் அடிச்சுது. என்ர மனுசன் ஷிப்டுக்குப் போயிட்டார். நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சிட்டுப் போய்க் கதவைத் திறந்தன். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளையும் ஒரு ஆம்பிளையும். கழுத்தில அட்டை, தோளில பை. அந்தப் பொம்பிளை பேப்பரைப் பாத்துப் பெறாமகளின்ர முழுப்பேரையும் வாசிச்சு, இருக்கிறாவோ எண்டு கேட்டவ.

நான் ஒரு செக்கனும் யோசிக்கேல்லை. "நோ. அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை" எண்டு சொல்லிக் கதவைச் சாத்திச் சங்கிலியும் போட்டன்.

என்ன விசரி எண்டு நினைப்பியள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதுசில ஒரே வீட்டில ஒம்பது பேர். வீட்டுக்காரனுக்குச் சொன்னது நாலு பேர். அதில ரெண்டு பேருக்கு விசா கேஸ் முடியேல்லை. கழுத்தில அட்டையோட ஆர் வந்து ஆற்றை பேரைக் கேட்டாலும் "இல்லை" எண்டு சொல்ல வேணும், அதுதான் எங்களுக்கு இந்த ஊரில முதல் பாடம். அந்த ஒம்பது பேரும் இப்ப சிட்டிசன். என்ர வாய்க்கு மட்டும் அது இன்னும் தெரியாது.

ஆறு முப்பத்தைஞ்சுக்கு அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். ஆரோ பெல் அடிச்ச மாதிரிக் கேட்டுதே எண்டாள். கவுன்சில் ஆக்கள், அனுப்பிப் போட்டன் எண்டன். ஆரைக் கேட்டவை எண்டாள்.

"உன்னைத்தான்..." எண்டு சொல்லேக்கதான் எனக்கு விளங்கினது. ஐயோ கடவுளே! அவள் கத்தேல்லை. படியில அப்பிடியே இருந்திட்டாள். முகத்தில ரத்தம் இல்லை. பேந்து எழும்பிக் கதவைத் திறந்து பாத்தாள். ரோட்டில ஒரு குஞ்சு இல்லை.

நான் செருப்பைக் கொழுவ, அவளும் வரப் பாத்தவள், வாசலில நிண்டிட்டாள். "இந்த நேரத்தில நான் வீட்டை விட்டு அசைய ஏலாது பெரியம்மா. நீங்கள் ஓடுங்கோ" எண்டாள். அவை திரும்பி வந்து அவள் இல்லை எண்டால் அதுவும் தவறுதானே.

நைற்றிக்கு மேல கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, பஸ்ஸுக்கே ஓடாத ஆள். ஹை ரோட் வரைக்கும் போனன், ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனன். வேலைக்குப் போற சனம்தான் போகுது. ஆறு நாப்பத்தாறு. மூச்சு வாங்குது. அந்தப் பிள்ளையின்ர பதினஞ்சு வருஷத்தை ஒரு சொல்லால துலைச்சுப் போட்டனே, தங்கச்சிக்கு எந்த முகத்தோட சொல்லுவன் எண்டு அழுகை வந்திட்டுது. திரும்பி வரேக்க, எங்கட ரோட்டில பெர்மிட் இல்லாமல் கார் நிப்பாட்ட ஏலாது எண்டது நினைவு வந்தது. பக்கத்துத் தெருக்களில நிண்ட கார் ஒவ்வொண்டுக்குள்ளையும் குனிஞ்சு பாத்தன். ஒரு மனுசன் கார்க் கண்ணாடியை இறக்கி ஏசினான். ஏசட்டும்.

ரெண்டாவது தெருவில, ஒரு சாம்பல் நிறக் காருக்குள்ள அந்த ரெண்டு பேரும். பொம்பிளை மடியில பேப்பரை வைச்சு எழுதிக்கொண்டிருந்தவ. கண்ணாடியில தட்டி, எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில சொன்னன்: நான் பொய் சொல்லிப் போட்டன், பிள்ளை வீட்டிலதான் நிக்கிறாள், பிழை என்ர, அவளின்ர இல்லை. அவ மணிக்கூட்டைப் பாத்தவ. ஆறு ஐம்பத்து மூண்டு. ஏழு மணி வரைக்கும் தாங்கள் நிக்கத்தான் வேணும், இன்னொருக்காத் தட்டத்தான் இருந்தம் எண்டு சொன்னவ. இன்னொருக்காத் தட்டியிருந்தால் நான் திறந்தே இருக்க மாட்டன்.

நாங்கள் போய்ச் சேர, அவள் வெறுங்காலோட கேற்றுக்குள்ள, கையைக் கட்டிக்கொண்டு நிண்டாள். ஏழுக்கு நாலு நிமிசம். ஆள் நேரத்துக்கு நிண்டதால தவறு விழேல்லை. ஆனால் பயத்தில அவளுக்கு மூத்திரம் வருகுதில்லை. தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு ஒம்பது மணி ஆச்சுது. அந்த ரெண்டு பேருக்கும் நான்தான் மூண்டு தரம் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.

அவை போன பிறகு அவளின்ர கையைப் பிடிச்சு அழுதன். அவள் என்னைக் கோவிக்கேல்லை. உண்மையாவே விளங்காமல்தான் கேட்டாள்: "என்னை ஒளிக்கிறதுக்கு நான் என்ன பெரியம்மா செய்தனான்?"

எங்களைக் காப்பாத்தின பயத்தை அவளுக்கும் போத்தி விட்டிருக்கிறன். பரிசோதனை முடிவு சுத்தமா வந்து, அவள் முகாமுக்குப் போய், இண்டைக்கும் விளையாடுறாள். ஒரு அதிகாரி வாசலில நிண்டு என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கேட்டால், தலை நிமிந்து "ஓம், இருக்கிறாள்" எண்டு சொல்லலாம் எண்டது, இந்த நாட்டில முப்பது வருஷம் இருந்த எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.