ராணிக்குத் தெரிந்த கன்னடம்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கைப்பேசியில் ஏதோ சரித்திர வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்தபடி பாதிக் காதில் கேட்டேன். ஜமைக்கா தீவாம். வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டுத் தப்பித்தவர்களின் வம்சம் மலைக்காட்டில் ஊர் அமைத்து வாழ்ந்திருக்கிறது. சண்டை மூண்டதும் பட்டாளத்தால் அவர்களை அடக்க முடியவில்லை. கியூபாவிலிருந்து வேட்டை நாய்களையும், அவற்றைப் பிடித்து நடத்தும் ஆட்களையும் கப்பலில் வரவழைத்தார்கள். நாய் வந்து இறங்கிய சேதி கேட்டே நிறையப் பேர் சரணடைந்துவிட்டார்களாம்.

"நாய் கடிக்கவே இல்லையாம்ப்பா. வந்ததே போதுமாம்" என்றாள்.

வெங்காய வாசனை போய், மழையில் நனைந்த நாயின் வாசனை என் மூக்கில் ஏறியது. சங்கிலி பிடித்து வந்த அந்த ஆட்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். மகளுக்கு இது தெரியாது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் அப்போது எனக்கு வாட்ச்மேன் வேலை. தொப்பி ஒரு சுற்று பெரிசு, காதில்தான் நிற்கும். மத்திகிரியில் வாடகை அறை. கூட இருந்தவன் முனிராஜ், அதே கம்பெனியில் லேத் ஓட்டியவன். கல்லாவி என்ற ஊர்க்காரன். கன்னடம் சுத்தமாக வராது. பாகலூர் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசக்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவான். கன்னட எல்லையோரம் இருக்கும் அந்தப் பாகலூர்தான் எனக்குச் சொந்த ஊர். எந்தப் பாஷையில் முதலில் அழுதேன் என்று அம்மாவுக்கே தெரியாது.

சங்கம் வைத்தார்கள் என்று நாலு பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். செக்யூரிட்டி ஆபீசர் தெற்கத்திக்காரர், ஊருக்குப் புதுசு. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் பழக்கிய அல்சேஷன் ஒன்றை வாங்கிவந்தார். பேர் ராணி.

"நம்ம ஆளுங்க என்ன சொன்னாலும் அதுக்குப் புரியாதுல்லா? அதான் வேணும்" என்றார்.

இந்த ஊரில் பாதி வீட்டில் கன்னடம் புழங்கும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குஷிகூட இருந்தது. கன்னடம் தெரிந்த வாட்ச்மேன் என்று சங்கிலியை என் கையில் கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள், நாய் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். 'ஹிடி' என்றால் ராணி பாயும். 'கூத்கோ' என்றால் உட்காரும். இந்த இரண்டையும் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஒன்பதாம் நாள் காலை, மழை விட்டிருந்தது. சரக்கு லாரி வெளியே போகவேண்டும். கேட்டுக்கு முன்னால் ஈரத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் முனிராஜ். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ராணி இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது.

"விடு நாயை. இல்லன்னா தொப்பியக் கழட்டி வச்சிட்டுப் போ" என்றார் ஆபீசர்.

முனிராஜ் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அவன் விடமாட்டான்டா. நம்ம ரூம்காரன்."

நான் 'ஹிடி' என்றேன். கை திறந்துகொண்டது.

ராணி நேராக அவனைப் பார்த்துத்தான் ஓடியது. அவன் எழுந்திருக்கவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் எங்கள் ஊர் வெங்கடம்மாவின் குரல் கேட்டது. பேக்கிங்கில் வேலை செய்தவள், அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அடுப்படிக்குள் நுழைந்த வீட்டு நாயை அதட்டுகிற மாதிரி, "ஏய், கூத்கோ" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். முனிராஜின் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் ராணி உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டிருந்தது. வாசலே அதிரச் சிரித்தார்கள். லாரி பின்வாங்கி உள்ளே போயிற்று. டீக்கடைகளில் பல மாதம் அந்தக் கதைதான்.

முனிராஜ் சிரிக்கவில்லை. சாயங்காலம் நான் அறைக்குப் போனபோது துணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"யாராச்சும் கன்னடத்துல சொல்லி நிறுத்திருவாங்கன்னு எனக்குத் தெரியும்டா" என்றேன்.

அவன் ஜிப்பை இழுத்து மூடினான். "எனக்குக் கன்னடம் வராதுன்னும் உனக்குத் தெரியுமில்ல" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

சரணடைந்த அந்த மலைவாசிகளைக் கப்பலேற்றி ஏதோ குளிர் தேசத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். மகள் வீடியோவை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. ராணி எப்போதோ செத்துப் போயிற்று. மத்திகிரியில் அந்த வரிசை வீடுகளையே இடித்துவிட்டார்கள். கல்லாவிக்கு ஒருமுறை போய் விசாரித்தேன். முனிராஜ் ஊரைவிட்டுப் போய் வெகுநாள் ஆயிற்று, எங்கே என்று தெரியாது என்றார்கள். இரண்டு வருஷம் ஒரே அறையில் படுத்திருக்கிறோம். சங்கிலி என் கைக்கு வந்த அன்றே 'கூத்கோ' என்ற அந்த ஒரு சொல்லை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.