ஒரே வூட்டுத் தடுப்பு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஜமுனாமரத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களின் நோய், மாத்திரை, எந்த மருந்து யாருக்கு ஆகாது, எல்லாம் நான்தான் தட்டி ஏற்ற வேண்டும். ஒருநாள் மொத்தமும் அழிந்துபோனால்? சோறு தின்னும்போதுகூட அதே நினைப்பு.

அந்தப் பயத்தைத் தணித்தவர், ஒடுகத்தூரிலிருந்து வந்து சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த அண்ணன்.

"தோ பாரும்மா, ஸ்க்ரீன்ல சி, டின்னு ரெண்டு டிரைவ் தெரியுது இல்ல? ரெண்டும் ஒரே வூடு. நடுவுல தடுப்பு வெச்சுக்கீது, அவ்ளோதான். வூடு பத்திக்கிச்சுன்னா ரெண்டு ரூமும் போச்சு. அதான் இன்னொரு காப்பி, பேக்கப்ப, வெளிய வெக்கிறோம்."

உள்ளங்கை அளவு கறுப்பு டிஸ்க் ஒன்றை ஒயரில் மாட்டினார். சாயங்காலம் பட்டனை அழுத்தினால் பச்சை டிக் வரும். "டிக் வந்தா பேக்கப் ஆச்சு. நீயும் பேக்கப், கெளம்பு!" என்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

ஒருநாள் டிஸ்க்கைக் கழற்றினார்.

"செக் பண்ணி எடுத்தாரேன். பேக்கப்ப வேற எடத்துக்குத் திருப்பி வுட்டுக்கீறேன்."

"எந்த எடம்ண்ணா?"

"பத்திரமான எடம். டிக் வருதா, பாரு."

வந்தது. ஆனாலும் கேட்டேன். "ஒரு தபா அந்த பேக்கப்புலேர்ந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுப் பாக்கலாமாண்ணா? வேற பேர்ல போட்டா பழசு கெடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கொழம்புல உப்பு போட்டுட்டு, போட்டமான்னு டப்பாவத் தொறந்து பாக்கற ஆளு நீ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் மலைக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் மகளுக்கு வலிப்பு. பழைய மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்துப்போக, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு மாத்திரை கொடுத்திருந்தார்கள். சீட்டைப் பார்த்து இரண்டையும் ஏற்றினேன். "எல்லாம் இதுல கீதுக்கா" என்றேன்.

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில், கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. அண்ணன் வந்து திருகிப் பார்த்தார்.

"உள்ள கீற டிஸ்க் போச்சு. பயப்படாத, பேக்கப் டி டிரைவ்ல கீது" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஒரே வூடுன்னு சொன்னீங்களே. அந்தக் கறுப்பு டிஸ்க் எங்க?"

"மச்சான் கல்யாண வீடியோ ஏத்தறதுக்கு எடுத்தேன். எடம் பத்தல. பழசயெல்லாம் அழிச்சுட்டேன். இப்டி ஆவும்னு யாரு கண்டா?"

அவர்தான் கண்டவர். அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. தெரியாதவர் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

அந்த வாரமே அக்கா மகளோடு வந்தார். மாத்திரை தீர்ந்துவிட்டது. சீட்டு மழையில் ஊறிக் கூழாகிவிட்டதாம். "உன்கிட்டதான் கீதே, தங்கச்சி." மாத்திரையின் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊகித்துக் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழியில் வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினார். போகும்போது என்னைத் திட்டக்கூட இல்லை.

புது டிஸ்க்கும் புது கம்ப்யூட்டரும் வந்தன. அண்ணன் பட்டனை அழுத்தினார். "டிக் வந்துச்சு பாரு."

"திருப்பிப் போட்டுக் காட்டுங்க, சார்."

"இன்னாது புதுசா சாரு?"

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போட்டுக் காட்டினார்.

மகளோடு நல்லபடியாகத் திரும்பிய அக்கா, புதுச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துவந்தார். தட்டி ஏற்ற வேண்டுமே என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமே நின்று, இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார்.

"நானே புடிச்சுக்கறேன், தங்கச்சி. நீ பாத்து எழுது."