கேபிள் டில்லிபாபுவும் நாற்பத்தொரு விநாடிச் சண்டையும்

எங்கள் கே.ஜி.கண்டிகையில் டில்லிபாபு வீடு எது என்று கேட்டால், எந்த டில்லிபாபு என்று திருப்பிக் கேட்பார்கள். கேபிள் டில்லிபாபு என்றால் மட்டும் பதில் பேசாமல் அண்ணாந்து பார்ப்பார்கள். ஏதாவது ஒரு கம்பத்தின் உச்சியிலோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேலோதான் அவன் இருப்பான். வாயில் இரண்டு கிளிப்பு, தோளில் ஒயர் சுருள்.

ஐம்பதை நெருங்குகிற வயது. ஆடிக் காற்றில் பறந்துவிடுவானோ என்று நாம் பயப்படுகிற உடம்பு. அந்த உடம்புக்குள் முருகன் வைத்த ஆசை என்ன தெரியுமா? குத்துச்சண்டை. குத்துவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. வீட்டில் கொசு அடிக்க வேண்டும் என்றால்கூட மனைவி தமயந்தியைத்தான் கூப்பிடுவான்.

நான் முருகன் கோயில் மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டுக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் பக்கத்துக் கடைக்காரர்கள் பூ என்ன விலை, தேங்காய் என்ன விலை என்று பேசிக்கொள்வார்கள். டில்லிபாபு டீ டம்ளரோடு வந்து நின்று வேறு கணக்குச் சொல்வான்.

"வேதாசலண்ணா, நேத்து சண்டை எத்தினி வீட்ல ஓடிச்சு தெரியுமா? பதினஞ்சு லட்சம் வீடுண்ணா! அத்தினி பேரும் தனியா காசு கட்டிப் பாத்துகிறாங்க."

அமெரிக்காவில் அப்படி ஒரு வழக்கமாம். பெரிய சண்டை என்றால் சும்மா காட்ட மாட்டார்கள். அந்த ஒரு சண்டைக்கென்று தனியாகப் பணம் கட்டினால்தான் டி.வி.யில் வரும். எந்தச் சண்டை எத்தனை லட்சம் வீட்டில் விற்றது என்பதெல்லாம் இவனுக்கு மனப்பாடம். மகள் மோனிஷா பிறந்த தேதியைக் கேட்டால்தான் தமயந்தி முகத்தைப் பார்ப்பான்.

எனக்கு அந்த வழக்கம் விளங்கவில்லை. "ஏம்பா டில்லி, டி.வி. வாங்கியாச்சு, கனெக்சன் வாங்கியாச்சு, மாசாமாசம் பணமும் கட்டறாங்க. அப்பால அதுக்குள்ள ஒரு சண்டையப் பாக்கறதுக்குத் தனியா காசு இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"மலைமேல பொது தரிசனம் கீது. சிறப்பு தரிசனமும் கீது. சாமி ஒண்ணுதானேண்ணா? டிக்கெட் வாங்கறாங்களா இல்லியா?"

"அது கிட்ட நின்னு பாக்கறதுக்குப்பா."

"இதுவும் கிட்ட நின்னு பாக்கறதுதான். அவன் வேர்வ நம்ம மூஞ்சில தெறிக்கும், அவ்ளோ கிட்ட."

அடுத்தவன் வேர்வை தெறிப்பதற்கு ஒருவன் காசு கொடுப்பானா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் சாமியை உதாரணம் காட்டிவிட்டான். நான் தேங்காய் அடுக்கப் போய்விட்டேன்.

அவன் தொழில் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் முந்நூறு வீட்டுக்கு அவன்தான் கேபிள் கொடுத்தான். கைக்குக் கை செல்போன் வந்த பிறகு எண்பது வீடாகிவிட்டது. அந்த எண்பதிலும் பாதி, டி.வி. பார்க்கிறவர்கள் அல்ல, கனெக்சன் வேண்டாம் என்று சொல்ல மறந்தவர்கள்.

தமயந்தியின் தம்பி சடகோபன் ஆர்.கே.பேட்டையில் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறான். நல்ல பையன். அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் அத்தானிடம் ஒரே பேச்சு. "பாவா, கம்பத்துல ஏறுற வயசா இது? எங்கிட்ட வா. நிழல்ல நிக்கலாம், மாசம் பொறந்தா சம்பளம்."

தறிச் சத்தத்தில் மனுஷன் பேசுவது மனுஷனுக்குக் கேட்காது. வாய் ஓயாமல் பேசிப் பழகிய டில்லிபாபுவுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒயர் அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இந்த வருஷம் தமயந்தி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. கேபிளா, தறியா?"

அப்போதுதான் அவன் அந்த யோசனையைச் சொன்னான். ஒரு பெரிய சண்டை வருகிறது. மெக்சிகோக்காரன் ஒருவன், இங்கிலாந்துக்காரன் ஒருவன். பணம் கட்டி அதை வாங்கி, ஊர்ப் பழைய அரிசி மில் கொட்டகையில் பெரிய டி.வி. வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டப்போகிறான். அமெரிக்காவில் பதினைந்து லட்சம் வீடு பார்க்கும்போது கண்டிகையில் நாற்பது பேர் வரமாட்டார்களா? வந்துவிட்டால் மாதம் ஒன்று காட்டலாம். கேபிள் பிழைத்துக்கொள்ளும்.

தமயந்தி கொஞ்சம் யோசித்தாள். "சரி. நாப்பது பேரு வரணும். வந்து, உக்காந்து, முழுசாப் பாக்கணும். அப்பிடிப் பாத்தா கேபிள் உங்களுது. ஒரு ஆள் கொறஞ்சாலும் திங்கக்கெழம காலைல தம்பி தறிக்குக் கெளம்பணும்."

"ஆங், சரி" என்றான். சடகோபனும் சாட்சி.

கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு என்று தனிக் கட்டணமாம். அதையும் மோனிஷா போனிலேயே கட்டினாள். அந்த விஷயத்தில் நேர்மையான குடும்பம். ஆனால் டிக்கெட்தான் போகவில்லை. டில்லிபாபு வீடு வீடாகப் போய் மெக்சிகோக்காரன் எத்தனை பேரைச் சாய்த்தான் என்று சொல்ல, களை எடுத்துவிட்டு வந்து அலுத்து உட்கார்ந்திருந்த அன்னம்மாள், "எவனோ எவனையோ அடிக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு நைனா அம்பது ரூபா குடுக்கணும்? எங்க வூட்டு எதிர்ல தெனம் சும்மாவே நடக்குது" என்று அனுப்பிவிட்டாள். ஒரு வாரத்தில் ஒன்பது டிக்கெட். அதில் ஒன்று என்னுடையது.

பத்தாவது நாள் அவன் என் கடைக்கு விளம்பரப் படத்தைக் கொண்டுவந்தான். மெக்சிகோக்காரன் முதுகைக் காட்டி நிற்கிறான். பளபளவென்று சிவப்பு அங்கி. அதில் பெரிதாகச் சேவல் போட்டிருக்கிறது.

நான் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டேன். "டேய் டில்லி, சேவல்டா!"

"ஆமாண்ணா, அது அவங்க ஊர்ல..."

"அவங்க ஊர்ல இன்னாவா வேணா இருந்துட்டுப் போகட்டும். நம்ம ஊர்ல அது யார் கொடியில கீது?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மலையைப் பார்த்தான். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

அன்று சாயங்காலத்துக்குள் மெக்சிகோக்காரன் எங்கள் ஆள் ஆகிவிட்டான். போதாததற்கு, சண்டை நடக்கிற ஞாயிற்றுக்கிழமை கிருத்திகையாகவும் அமைந்தது. அங்கே சனி ராத்திரி என்றால் இங்கே ஞாயிறு காலை. மலைக்குப் போகிறவர்களும் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். அன்னம்மாள் தானே வந்து இரண்டு டிக்கெட் வாங்கினாள். "சேவல்காரருக்கு எந்தக் கொறையும் வரக் கூடாது நைனா" என்றாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். பாதிப் பேர் விரதம். நெற்றி நிறைய விபூதி. சடகோபன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். தமயந்தி யாரையும் பார்க்காமல் விரதக்காரர்களுக்குப் பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இனி நடந்ததில் என் பங்கும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். இவ்வளவு பேர் கூடியிருக்கிறோம், கிருத்திகை வேறு, ஒரு கற்பூரம் காட்டாமல் ஆரம்பிக்கலாமா என்று கேட்டவன் நான்தான். தட்டும் என் கடைத் தட்டுதான்.

"எப்ப காட்றது?" என்றாள் தமயந்தி.

டில்லிபாபு முப்பது வருஷ அனுபவத்தோடு பதில் சொன்னான். "சண்டை ஆரம்பிக்கறப்போ மணி அடிப்பாங்க. அப்ப காட்டு. மொத ரவுண்டுல ஒண்ணும் நடக்காது. ஒருத்தன ஒருத்தன் சும்மா சுத்திச் சுத்தி மோந்து பாத்துகினு இருப்பாங்க. பன்னெண்டு ரவுண்டு கீது. அவசரமே இல்ல."

சேவல்காரன் மேடை ஏறினான். அரோகரா! அங்கியைக் கழற்றிக் கொடுத்தான். இரண்டு பேரும் கறுப்பு டிராயர், இரண்டு பேருக்கும் மொட்டைத் தலை. நடுவர் ஏதோ சொல்லி இருவரையும் விலக்கினார்.

மணி அடித்தது.

மணி அடித்தால் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? தமயந்தி கற்பூரத்தை ஏற்றி டி.வி.க்கு முன்னால் தட்டைச் சுற்றினாள். நாற்பத்து மூன்று பேரும் எழுந்து, கை கூப்பி, கண்ணை மூடிக்கொண்டோம். டில்லிபாபுவும் மூடிக்கொண்டான். சடகோபன் கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் என் காதில் கேட்டது. முருகா, அந்தப் பிள்ளைக்கு அடி படாமல் பார்த்துக்கொள் என்று நான் வேண்டினேன்.

கண்ணைத் திறந்தால், ஒருவன் குப்புறக் கிடக்கிறான். நடுவர் விரலை நீட்டி எண்ணுகிறார். நாலாவது விரலில் படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கிருத்திகைக் கூட்டம் முழுக்க மலையில் நின்று போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் மோனிஷாவின் போன் வழியாக வந்த சண்டைக்கு இங்கே நெட் எங்கே கிடைக்கும்?

"யாருப்பா வுழுந்தது?"

"தெரியலியே! முதுகுதான் தெரியுது."

"சேவல் எங்க?"

"சேவலத்தான் கழட்டிக் குடுத்துட்டானே!"

டில்லிபாபு பெட்டியைத் தட்டினான், ஒயரைப் பிடுங்கிச் சொருகினான், மோனிஷாவின் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடினான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு சண்டையையும் விடாதவன், தன் கைக்காசு போட்டு வாங்கிய சண்டையைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. முருகன் மன்னிக்க வேண்டும்.

சடகோபன் எழுந்து அவன் தோளில் கை போட்டான். "விடு பாவா. தறியும் நல்ல தொழில்தான்."

அப்போதுதான் அன்னம்மாள் தமயந்தியைப் பார்த்தாள். கையில் தட்டு அப்படியே இருக்கிறது, கற்பூரம் எரிகிறது, வாய் மட்டும் திறந்திருக்கிறது. தீபாராதனை காட்டுகிறவள் கண்ணை மூட முடியாதல்லவா?

"தமயந்தி! நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

கொட்டகை முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

"யாரு?"

தமயந்தி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நம்ம சேவல்காரர்தான்க்கா வுழுந்தாரு."

ஐயோ என்று ஒரு சத்தம். யாராவது நாலு பேர் எழுந்து போனால் கணக்கு முடிந்தது. அவள் கேட்ட தறி வேலை அவள் புருஷனுக்குக் கிடைத்துவிடும். பேசாமல் தட்டை வைத்திருக்கலாம். ஆனால் அவளால் முடியவில்லை.

"சும்மா வுழல. கேளுங்க. நான் தட்ட மொத சுத்து சுத்தறேன், ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நிக்கறாங்க. ரெண்டாவது சுத்து. நம்மாளு வலது கையால ஒண்ணு வுட்டாரு பாருங்க, அவன் தல இப்பிடி லொடக்குனு திரும்புது! எனக்கே பாவமாப் பூட்ச்சு. அவன் வுழப்போறான்னு நம்மாளு கிட்டப் போனாரு. அங்கதான் தப்பு. அந்தக் கையைத் திருப்பி மூஞ்சிகிட்ட கொண்டாரல. தொங்க வுட்டுட்டாரு. மூணாவது சுத்து முடியல, அவன் கீழருந்து எடது கையால..."

"எப்பிடி எப்பிடி?"

"டேய் சடகோபா, இங்க வா. நில்லு. நீதான் சேவல்காரர்."

"அக்கா, நான் எதுக்கு..."

"நில்றான்னா!"

தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். தொடவில்லை, முகத்துக்கு முன்னால் கையைக் கொண்டுவந்தாள், அவ்வளவுதான். எட்டுத் தறிக்கு முதலாளி பின்னால் சாய்ந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு போய் விழுந்தான். கொட்டகையே கை தட்டியது. பின்னால் நின்றவர்கள் தங்களுக்குத் தெரியவில்லை, இன்னொரு தடவை என்றார்கள். சடகோபன் மூன்று முறை விழுந்தான். மூன்றாவது முறை கொஞ்சம் ஆசையோடு விழுந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அரைமணி நேரம் கழித்து நெட் வந்தது. சண்டையைத் திருப்பிப் போட்டார்கள். மொத்தம் நாற்பத்தொரு விநாடி. தமயந்தி சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. வலது கை, லொடக்கென்று தலை, தொங்கவிட்ட கை எல்லாம். ஆனாலும் அன்னம்மாள், "நீ காட்ன மாதிரி இல்லம்மா" என்று சொல்லிவிட்டாள்.

சேவல் இருந்தும் ஏன் தோற்றான் என்று சிலர் என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிருத்திகை நாளில் மலையில் அவ்வளவு கூட்டம். இத்தனை பேரையும் விட்டுவிட்டு சுவாமி அமெரிக்கா பக்கம் திரும்பிப் பார்க்க நேரம் ஏது?

எல்லோரும் மலைக்குக் கிளம்பிய பிறகு சடகோபன் சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு பேச்சை எடுத்தான். "அக்கா, பேச்சு பேச்சா இருக்கணும். நாப்பது பேரும் சண்டையப் பாக்கல. உன்னத்தான் பாத்தாங்க. பாவா நாளைக்கு வந்துடணும்."

"ஒருத்தராவது எழுந்து போனாங்களாடா?"

"போகல. ஆனா..."

"உக்காந்தாங்களா, இல்லியா?"

"உக்காந்தாங்கதான்."

"அப்பறம் இன்னா? அடுத்த மாசம் இன்னொரு சண்டை வருதாம். அதுல ஒருத்தன் எடது கைக்காரனாம், மோனிஷா சொல்லுச்சு. உங்க பாவா தறிக்குப் போய்ட்டா அத எவன் எனக்குக் காட்டுவான்?"

சடகோபன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

டில்லிபாபு இது எதையும் காதில் வாங்கவில்லை. டி.வி. ஒயரைச் சுருட்டிக்கொண்டே மனைவி அருகில் வந்தான். தான் கண்ணை மூடியிருந்த வெட்கம் இன்னும் முகத்தில் இருந்தது. மெதுவான குரலில், "தமயந்தி, அந்தக் கை கீழருந்து வர்றப்போ அவன் காலு எங்க இருந்துச்சு, அதப் பாத்தியா நீ?" என்று கேட்டான்.

"பாத்தேன்" என்றாள் அவள். "உக்காருங்க, சொல்றேன்."